அந்தக் கால் மணி நேரம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அரங்கம் நிறைய வந்திருக்கும் உங்களுக்கும் என் வணக்கம்.

"வால்ட்டர் கிராங்கைட்டை உயர்த்தியது வேகமா, நிதானமா?" இதுதான் இன்றைய தலைப்பு. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தியை வழங்கியவர் அவர். 1972இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், மக்களின் நம்பிக்கையைப் பெற்றதில் பெரிய பெரிய அரசியல் தலைவர்களையே பின்னுக்குத் தள்ளியவர். நான் நிதானத்தின் பக்கம் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நல்ல வாதம் ஒன்றை வைத்தார். கிராங்கைட் வளர்ந்ததே யுனைடெட் பிரஸ் என்ற செய்தி முகமையில். அங்கே நிமிடத்துக்கு நிமிடம் போட்டி. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டபோது, அந்த முகமையின் வழிவந்த யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனலின் (யுபிஐ) மெரிமன் ஸ்மித், செய்தியாளர்கள் போன காரில் இருந்த தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, போட்டி முகமைக்காரர் எவ்வளவு கேட்டும் கொடுக்காமல் செய்தியைச் சொன்னார். அதை வைத்துத்தான் கிராங்கைட் தொலைக்காட்சியில் நாட்டுக்குச் சொன்னார். வேகம் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்று கேட்டார் தம்பி.

அத்தனையும் உண்மை. ஆனால் தம்பி கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

முதல் அறிவிப்பு வந்தபோது திரையில் கிராங்கைட் இல்லை. அந்தக் காலத்துக் கேமரா சூடேற இருபது நிமிடம் பிடிக்கும். அதனால் ஓடிக்கொண்டிருந்த நாடகத்தை நிறுத்தி, ஓர் அட்டையைக் காட்டி, குரலை மட்டும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகம் தெரிந்தது. கோட்டு கூட இல்லை. சட்டையும் டையுமாக, செய்தி அறையின் மேசையில், சுற்றிலும் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்க உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. டல்லாஸ் நிலையத்துச் செய்தியாளர், அதிபர் இறந்துவிட்டதாகத் தனக்குச் சொல்லப்பட்டது என்கிறார். மருத்துவமனைக்குப் போன பாதிரியார்கள் சொன்னதாக ஒரு தகவல். தங்கள் சொந்த நிருபர் டான் ராதரிடமிருந்தும் அதே தகவல். அவர்களுடைய வானொலிப் பிரிவு அதை அறிவித்தே விட்டது! கிராங்கைட் என்ன செய்தார்? ஒவ்வொரு தகவலையும் சொன்னார், ஒவ்வொரு முறையும் "இது இன்னும் உறுதியாகவில்லை" என்பதையும் சேர்த்தே சொன்னார். வானொலி சொல்லிக் கால் மணி நேரம் கழித்துத்தான் அதிகாரபூர்வம் என்ற குறிப்போடு ஒரு தாள் அவர் கைக்கு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கழற்றினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இறந்து 38 நிமிடம் ஆகிறது என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. எச்சில் விழுங்கினார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

"கடைசியில் செய்தி உண்மைதானே, காத்திருந்து என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். நடுவர் அவர்களே, ஊகம் பலித்துவிட்டால் அது செய்தி ஆகிவிடுமா? ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது அது. அவருக்கு மனைவி இருக்கிறார், இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இதன் அருமை நமக்குத் தெரியாததா? 2016 டிசம்பர் 5 மாலையை நினைத்துப் பாருங்கள். முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று சில தொலைக்காட்சிகளில் செய்தி ஓடியது. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மறுபடி மேலே ஏறியது. அன்று நள்ளிரவுக்குப் பிறகுதான் முறையான அறிவிப்பு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதார், பிறகு "இருக்காங்களாம், இருக்காங்களாம்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார், இரவு மறுபடி அழுதார். ஒரே சாவுக்கு அவரை இரண்டு முறை அழவைத்தது எது? முந்திக்கொண்ட வேகம்தான்.

கிராங்கைட்டுக்கு இந்த நிதானம் வயதானதும் வந்ததல்ல. 1936, கான்சஸ் சிட்டியில் ஒரு சின்ன வானொலி நிலையம். அவருக்கு 19 வயது. மேலாளரின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, நகர மன்றக் கட்டடம் எரிகிறது, தீயணைப்பு வீரர்கள் குதித்து இறந்துவிட்டார்கள் என்கிறார். "உடனே சொல்" என்கிறார் மேலாளர். பையன் "தீயணைப்புத் துறையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்கிறான். மேலாளர் தானே மைக்கில் போய்ச் சொல்லிவிட்டார். விசாரித்தால் சின்னத் தீ, யாரும் சாகவில்லை. வேலை போனது யாருக்கு? விசாரித்த பையனுக்கு! பின்னாளில் அவரே சொன்ன கதை இது. வேலை போனாலும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

சரி, அமெரிக்கா நடத்திய வியட்நாம் போருக்கு வருகிறேன். எதிரணியின் இன்னொரு தங்கை கேட்ட கேள்வி என்னை உண்மையிலேயே யோசிக்கவைத்தது. "1965இலேயே அங்கே போய்வந்தவர், அதிகாரிகள் சொன்னதை நம்பினார். மூன்று ஆண்டு கழித்து 1968இல்தான் வாய் திறந்தார். இடையில் செத்தவர்களுக்கு உங்கள் நிதானம் என்ன பதில் சொல்லும்?" வலிக்கிற கேள்வி அம்மா. ஆனால் அந்தத் தாமதத்துக்குப் பெயர் நிதானம் இல்லை. 1965இல் அவர் அதிகாரிகளை நம்பினார். தன் வழக்கப்படி தோண்டிப் பார்க்கவில்லை. 1968 பிப்ரவரியில், வட வியட்நாம் படைகளும் அவர்கள் பக்கப் போராளிகளும் தென் வியட்நாம் நகரங்களில் நடத்திய டெட் தாக்குதலுக்குப் பிறகு, தென் வியட்நாமின் தலைநகர் சைகோனுக்கும் சண்டை ஓயாத ஹூவே நகருக்கும் நேரில் போனார். திரும்பி வந்து பிப்ரவரி 27 இரவு, இது என் சொந்தக் கருத்து என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, இந்தப் போர் முட்டுச்சந்தில் நிற்கிறது, பேச்சுவார்த்தைதான் வழி என்றார். கருத்தே சொல்லாதவர் சொன்னதால்தான் நாடு காது கொடுத்தது.

இந்த இடத்தில் என் அணிக்குச் சாதகமான மேற்கோள் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அதிபர் ஜான்சன், கிராங்கைட்டே என்னைக் கைவிட்டபின் மக்களும் கைவிட்டுவிட்டார்கள் என்று புலம்பியதாகச் சொல்வார்கள். சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது ஜான்சன் டெக்சாஸில், ஆளுநர் கானலியின் பிறந்தநாள் விழாவில் இருந்தார். அதனால் அந்த மேற்கோளை என் வாதத்தில் சேர்க்கவில்லை. கிராங்கைட்டுக்காகப் பேச வந்துவிட்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. கென்னடி இறந்த நாளுக்குப் பிறகு, செய்தி அறையில் ஒரு கேமராவை எப்போதும் சூடாகவே வைத்திருக்க சிபிஎஸ் ஏற்பாடு செய்தது. கருவியால் வந்த இருபது நிமிடத் தாமதத்தைச் சரிசெய்தார்கள். வானொலிக்குப் பின்னால் கால் மணி நேரம் காத்திருந்த மனிதரை மாற்றவில்லை. 1981 மார்ச் 6 வரை அந்த நாற்காலியில் அவர்தான் இருந்தார். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்தக் கால் மணி நேரத்தை நினைவில் வையுங்கள். நன்றி, வணக்கம்.