நாற்காலியைவிட அங்கியே பெரிது

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

கென்யாவின் மார்த்தா கருவா தம் மக்களுக்கு அதிகம் பயன்பட்டது வழக்கறிஞராகவா, அமைச்சராகவா? வழக்கறிஞராகத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2003-இல் தொடங்கினார். முதலில் நீர்வளம், 2005 முதல் நீதித் துறை என்று கருவாவின் அமைச்சர் பதவிகளை அடுக்கினார். ஐயா, 1987-க்கு வாருங்கள். மாஜிஸ்திரேட் பணியை விட்டுவிட்டு அந்தப் பெண்மணி சொந்த அலுவலகம் திறந்த ஆண்டு அது. டேனியல் அரப் மோய் அதிபர். 1982 முதல் கானு ஒன்றே சட்டம் அனுமதித்த கட்சி. எதிர்த்துப் பேசியவர்கள் விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்தார்கள். 1990-இல், மோயை எதிர்த்த அரசியல்வாதி கோய்கி வா வம்வேரே கைதாகி, தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டார். அந்நாட்டுச் சட்டப்படி அதற்குத் தண்டனை மரணம். அவரோடு குற்றஞ்சாட்டப்பட்ட மிருகி கரியுகி ஒரு வழக்கறிஞர். வழக்கறிஞரையே கூண்டில் ஏற்றிய அந்தக் காலத்தில், அவர்களுக்காக அங்கி அணிந்து எழுந்து நின்றவர்களில் கருவாவும் ஒருவர். அன்று அவர் கையில் எந்தப் பதவியும் இல்லை. 1993-இல் வம்வேரே விடுதலையானார்.

அமைச்சராக அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். 2010-இல் கென்யா பெற்ற புதிய அரசியலமைப்புக்கு வழி திறந்த 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் நீதி அமைச்சராக இருந்தபோது வந்ததுதான். ஆனால் அதே 2008-இன் தொடக்கத்தையும் பாருங்கள். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் மூண்ட வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏறத்தாழ 6 லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் நடத்திய சமரசப் பேச்சில் அதிபர் கிபாகி தரப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கருவா. திறமை பழைய திறமைதான், அவர் யாருக்காக வாதாடினாரோ அந்தக் கட்சிக்காரர்தான் மாறிவிட்டார். முன்பு மரண தண்டனையின் நிழலில் நின்றவருக்காகப் பேசிய வாய், இப்போது அதிபர் மாளிகைக்காகப் பேசியது. எனக்கு இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. பதவி அவரிடம் கேட்ட விலை அது.

அந்தப் பதவியாவது அவருக்கு அதிகாரம் கொடுத்ததா? வன்முறைக் குற்றவாளிகளை உள்நாட்டிலேயே விசாரிக்கத் தனி நீதிமன்றம் கேட்டு 2009 பிப்ரவரியில் மசோதா வந்தது; நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. ஏப்ரலில், நீதி அமைச்சரான அவருக்கே தெரியாமல் அதிபர் நீதிபதிகளை நியமித்தார். கருவா ராஜினாமா செய்தார். அந்த ராஜினாமாவே அமைச்சராக அவர் செய்த சாதனை என்கிறார் எதிரணி நண்பர். நண்பரே, நாற்காலியை விட்டு இறங்கியதைச் சாதனை என்றால், அது எங்கள் அணிக்கான சாட்சியம்!

இறங்கியவர் எங்கே போனார்? தேர்தல்களில் நின்றார், தோற்றார், அதைக் கடந்துவிடுவோம். 2024 நவம்பரில் உகாண்டா எதிர்க்கட்சித் தலைவர் கிஸ்ஸா பெசிக்யே நைரோபியில் கடத்தப்பட்டு, கம்பாலாவில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவருக்காக வாதாடக் கருவா புறப்பட்டார். அங்கே தொழில் செய்யும் அனுமதியை முதலில் மறுத்தார்கள்; அவர் விடவில்லை, 2025 ஜனவரியில் பெற்றார். அதே ஆண்டு மே மாதம், தான்சானியாவில் எதிர்க்கட்சித் தலைவர் துண்டு லிஸ்ஸு மீதான தேசத்துரோக வழக்கைக் கவனிக்கச் சென்றவரை தாருஸ்ஸலாம் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 67.

நடுவர் அவர்களே, அன்று தான்சானிய அரசு உள்ளே விட அஞ்சியது முன்னாள் அமைச்சரையா, வழக்கறிஞரையா? தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.