பேசுகிறவன் முகம் எங்கே? ரென்பையில் சைடு இமேஜ்

வணக்கம். கும்பகோணத்தில் உட்கார்ந்து ஒரு விஷுவல் நாவல் கேம், அதாவது படமும் வசனமுமாகக் கதை சொல்கிற கேம், செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு நான் பயன்படுத்தும் மென்பொருள்தான் ரென்பை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்கிற வரைதான் கதை.

(திரையில்: திண்ணையில் அப்பாயி, முழு உருவம். கீழே டயலாக் பெட்டி.)

அப்பாயி தெரிகிறார். பேரன் முருகு எங்கே? அவன் கண் வழியாகத்தானே நாம் பார்க்கிறோம், அவனைத் திரையில் நிற்கவைக்க முடியாது. ஆனால் "தண்ணி கல்லணைக்கு வந்துடுச்சாம் அப்பாயி" என்று அவன் சொல்வது சந்தோஷத்திலா, இனி நாற்றங்காலில் இறங்கணுமே என்ற சலிப்பிலா என்று வெறும் எழுத்தில் தெரியாது. அதற்குத்தான் பெட்டியின் இடது மூலையில் அவன் முகம். இதைத்தான் ரென்பையில் சைடு இமேஜ் என்கிறார்கள்.

(திரையில்: முருகுவின் சிரித்த முகம்.)

செய்வது சுலபம். படத்தின் பெயர் 'சைடு' என்று தொடங்கணும், அப்புறம் ஆளின் பெயர், அப்புறம் முகபாவம்: சைடு முருகு சிரிப்பு. கோப்பை இமேஜஸ் ஃபோல்டரில் போட்டு, கேரக்டரை டிஃபைன் செய்யும் இடத்தில் இமேஜ் என்பதற்கு முருகு என்று கொடுத்தால் போதும். வசனத்துக்கு முன்னால் 'சிரிப்பு' என்று எழுதினால் சிரிப்பான். ஒன்று கவனம், நீங்கள் மாற்றுகிற வரை அதே முகம்தான் நிற்கும். என் கேமில் வயல் கருகியதைச் சொல்லும்போதுகூட பயல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அப்பாயிக்கும் சைடு படம் வரைந்தால் திண்ணையில் ஒருத்தர், மூலையில் ஒருத்தர் என்று இரண்டு அப்பாயி வந்துவிடுவார்கள். கான்ஃபிக் என்ற அமைப்புகளில் 'சைடு இமேஜ் ஒன்லி நாட் ஷோயிங்' என்பதை ட்ரூ ஆக்குங்கள், திரையில் இல்லாதபோது மட்டும் முகம் வரும்.

அளவு? 1920க்கு 1080 திரையில் வசனம் இடமிருந்து 402 பிக்சலில் தொடங்கும். அதனால் முகம் 400 அகலத்துக்குள் இருந்தால் எழுத்தின் மேல் ஏறாது. பெட்டியின் உயரம் 278தான், ஆனால் தலை அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் தப்பில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும், எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

(திரையில்: அதே காட்சி போனில். முகம் காணோம்.)

சரி, என் ஒரு ராத்திரியைத் தின்ற விஷயத்துக்கு வருவோம். கணினியில் எல்லாம் சரி, போனில் போட்டால் முருகுவைக் காணோம். படத்தின் பெயரைப் பத்து தடவை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், இடம் போதாது என்று ரென்பையே போனில் சைடு இமேஜை மறைத்துவைக்கிறது! ஸ்க்ரீன்ஸ் கோப்பில், வசனத்தைக் காட்டுகிற சே ஸ்க்ரீனின் கடைசியில் 'ஸ்மால்' என்று ஒரு இஃப் வரி இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். எடுத்ததும் முகம் வரும், ஆனால் போனில் வசனம் 135லேயே தொடங்குவதால் எழுத்தின் தொடக்கத்தை அவன் முகம் மறைத்துவிடும். திரைத் தோற்றத்தின் அளவுகள் இருக்கும் குயி (gui) கோப்பின் அடியில் போனுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அங்கே வசனம் தொடங்கும் இடத்தை 402 ஆக்கி, அகலத்தை 1650லிருந்து 1380க்குக் குறைத்தேன்.

(திரையில்: போனில் முருகு, பக்கத்தில் வசனம்.)

எங்கள் பக்கம் கேம் விளையாடுகிற பசங்களில் பாதிப் பேர் கையில் போன்தான், இதைச் செய்யாமல் வெளியிட்டுவிடாதீர்கள்.