நம்ம தகடூரை இடித்தவன் கதை
வணக்கம் மக்களே. பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதியமான்கோட்டையில், சேலம் ரோட்டோரமாக நின்று பேசுகிறேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர்தான்.

தருமபுரிக்காரன் சரித்திரம் பேசினால் நெல்லிக்கனியில்தான் ஆரம்பிப்பான். நானும் ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் அதியமான் வேஷம் போட்டவன்தான். நெல்லிக்காய் சீசன் இல்லை, எலுமிச்சங்காயைக் கொடுத்துவிட்டார்கள். ஔவையார் கையில் வைக்கப் போனேன், அது நழுவி உருண்டு முதல் வரிசைக்கே போய்விட்டது. சரி, இன்றைக்கு அந்தக் கதை வேண்டாம். எதிர்ப்பக்கம் நின்றவனைப் பற்றிப் பேசலாம்.

பெருஞ்சேரல் இரும்பொறை. கருவூர்ப் பக்கம் ஆண்ட சேர மரபு. செல்வக் கடுங்கோ வாழியாதனின் மகன். பழைய ஏடுகளில் அவன் பெயருக்கு முன்னால் எப்போதும் ஒரு அடைமொழி நிற்கும்: ‘தகடூர் எறிந்த’. தகடூர் என்றால் நம்ம தருமபுரிதான். எறிந்த என்பதில் வல்லின ற போட்டிருக்கிறது, பாருங்கள். கொளுத்தினான் என்று அர்த்தம் இல்லை, தாக்கி அழித்தான். போன வீடியோவின் கமெண்டில் பாதிப் பேர் ‘எரித்த’ என்றே எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

சண்டை எப்படி வந்தது? சுருக்கமாகச் சொல்கிறேன். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி திருக்கோவலூரை வென்றான். அது மலையமான் காரியின் ஊர். அந்தக் காரியோ கொல்லிமலையை ஆண்ட ஓரியைக் கொன்று, அந்த மலையைச் சேரருக்குக் கொடுத்தவன். ஆக, சேரனும் அதியமானும் மோதாமல் முடியாத நிலை. பதிற்றுப்பத்து என்பது சேர மன்னர்களைப் பாடும் சங்க நூல், அதில் எட்டாம் பத்து இவனைப் பற்றியது. அந்தப் பத்தின் பதிகம், அதாவது அதோடு சேர்த்த குறிப்புப் பாட்டு, சொல்வது இது: கொல்லிமலைப் பக்கமான கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் அவனோடு சேர்ந்து வந்த இரு பெருவேந்தரையும், அதாவது சோழ பாண்டியரையும், ஒரே களத்தில் வென்று முரசு, குடை, கலன் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டான். அப்புறம் தகடூர்க் கோட்டை. 17 ஆண்டு ஆண்டான் என்றும் பதிகம் கணக்குச் சொல்கிறது.

இந்த ஆளை எனக்கு வெறுக்கத்தான் ஆசை. ஆனால் புறநானூற்றின் 50ஆம் பாட்டு விடமாட்டேன் என்கிறது. மோசிகீரனார் என்ற புலவர் களைத்துப்போய் அரண்மனைக்கு வருகிறார். அங்கே ஒரு கட்டில். எண்ணெய் நுரையை அள்ளி வைத்தது போல அவ்வளவு மெத்தென்று பூ பரப்பியிருக்கிறது. ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அது வீரமுரசை வைக்கும் கட்டில்! முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்தார்கள். அதில் ஏறினால் தலை போகும். ராஜா வருகிறான், பார்க்கிறான். வாளை எடுக்கவில்லை, சாமரம் எடுத்து விசிறுகிறான். புலவர் கண் விழிக்கும் வரை விசிறியிருக்கிறான். எழுந்த புலவர், என்னை இரண்டாக வெட்டாமல் விட்டாயே, நீ நல்ல தமிழ் முழுதும் அறிந்தவன் என்பதற்கு அது ஒன்றே போதும் என்று பாடிவிட்டார். நம்ம ஊர்க் கோட்டையை இடித்த கைதான் அந்த விசிறியையும் பிடித்தது.

எனக்கு இவனை விடவும் அரிசில்கிழார்தான் ஆச்சரியம். எட்டாம் பத்தைப் பாடியவர் அவர். ராஜாவும் ராணியும் அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உங்களுக்குத்தான் என்று ஒன்பது லட்சம் காணமும் (அந்தக் காலத்துப் பொற்காசு) அரசுகட்டிலும், அதாவது சிம்மாசனமும், கொடுத்தார்களாம். அவர், நீயே ஆளப்பா என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சர் வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டார். ஜெயித்தவனின் பக்கத்து ஆள் என்றுதானே நினைப்போம்? அவர் பாட்டிலேயே தகடூர் எப்படி வருகிறது தெரியுமா? ‘வெல்போர் ஆடவர் மறம்புரிந்து காக்கும் வில்பயில் இறும்பின் தகடூர்’. வில்லாளிகள் நிறைந்த காவற்காடு, அதைக் காக்கும் வீரர்கள். தோற்ற ஊருக்கு இவ்வளவு மரியாதை.

இன்னும் இருக்கிறது. அந்தப் போரில் விழுந்த, அதியமான் மரபைச் சேர்ந்த எழினிக்கு ஒரு கையறுநிலைப் பாட்டு, அதாவது இரங்கல் பாட்டு, உண்டு, புறம் 230. அதைப் பாடியதும் இதே அரிசில்கிழார்! எழினி ஆண்டபோது கன்றும் மாடும் காட்டிலேயே தங்கலாம், வழிப்போக்கர் நினைத்த இடத்தில் படுக்கலாம், களத்து நெற்குவியலுக்குக் காவல் வேண்டாம். அவனைக் கொண்டுபோன கூற்றுவனிடம் சொல்கிறார்: எங்களை விட நீதான் அதிகம் இழந்தாய். ‘வீழ்குடி உழவன் வித்து உண்டாங்கு.’ நொடித்துப்போன உழவன் விதையைத் தின்றது போல இவனைத் தின்றுவிட்டாய். விட்டு வைத்திருந்தால் இவன் வாள் உனக்கு எத்தனை எதிரிகளின் உயிரை விளைத்துக் கொடுத்திருக்கும்!

தகடூர்ப் போரைப் பற்றியே ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு நூல் இருந்தது. முழுசாகக் கிடைக்கவில்லை, புறத்திரட்டு போன்ற தொகுப்பில் தப்பிய சில பாட்டுகள்தான் மிச்சம்.

அதியமான் பெயரில் இங்கே ஊரே இருக்கிறது, நான் நிற்கிற ஊர். இரும்பொறை பெயரில், நான் பார்த்த வரை, ஒரு டீக்கடை கூடக் கிடையாது. ஆனால் அவன் பெயரைச் சொன்னால் முதலில் நம்ம ஊர் பெயர்தான் வாயில் வருகிறது.

நேற்று ராத்திரி அந்த 230ஆம் பாட்டை எங்கள் ஆயாவிடம் படித்துக் காட்டினேன். மழை இல்லாத வருஷத்திலும் விதை ராகியை அடுப்புச் சாம்பலில் பிரட்டி, மொடாவில் போட்டு, வாயைச் சாணியால் மெழுகி வைத்திருந்தவர் அவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பாவம், அந்த வருஷம் பிள்ளைங்களுக்கு ரொம்பப் பசிச்சிருக்கும்” என்றார். எழினியைச் சொல்லவில்லை, விதையைத் தின்ற உழவனைச் சொன்னார்.