வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்! வெளிநாட்டுப் படிப்பில் இத்தனை வகையா?

வெளிநாட்டில் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் வாயைத் திறந்தால், அப்பா பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தைத்தான் எடுப்பார். பொறுங்கள், அது பீரோவிலேயே இருக்கட்டும். ஃபீஸையும் அவர்களே கட்டி, கையில் மாதம் 1,400 யூரோவும் கொடுக்கிற வழி ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். வணக்கம் மக்களே, மதுரையிலிருந்து பேசுகிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை. அமெரிக்க மாணவர்கள் நம்ம மதுரைக்குப் படிக்க வந்தது உங்களுக்குத் தெரியுமா? விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இங்கே மாணவர்களை அனுப்பியது. அப்புறம் சில அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்றாகச் சேர்ந்து ‘சவுத் இந்தியா டெர்ம் அப்ராட்’ என்று ஒரு திட்டத்தையே மதுரையில் நடத்தின. நம்ம ஊர்க் குடும்பங்களோடு தங்கி, தமிழ் கற்றுக்கொண்டு போனார்கள்.

(காட்சி: விளக்குத்தூண், ஜிகர்தண்டா கடை)

இங்கேதான் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தேன். நோட்டில் எழுதி வைத்திருந்ததை ஒரு தடவை பார்த்துவிட்டு, “அண்ணே, பாசந்தி கொஞ்சம் தூக்கலா போடுங்க” என்றது. கடைக்காரருக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி ஐஸ்கிரீமும் விழுந்தது. ஒரு செமஸ்டர் வேறு நாட்டில், பட்டம் சொந்தக் கல்லூரியில், இங்கே படித்த பாடங்களின் கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேர்கிற புள்ளி, அங்கே கணக்கில் சேரும். அவர்கள் நம்ம ஊருக்கு வந்து செய்ததை நாம் அங்கே போய்ச் செய்யலாமே!

அதற்குத்தான் எக்ஸ்சேஞ்ச். உங்கள் கல்லூரிக்கும் அங்குள்ள கல்லூரிக்கும் ஒப்பந்தம் இருந்தால், பெரும்பாலும் ஃபீஸை இங்கேயே கட்டிவிடலாம். டிக்கெட், விசா, தங்கும் செலவு மட்டும் உங்களுடையது. ஒன்றே ஒன்று, அங்கே எடுக்கிற எந்தப் பாடம் இங்கே எந்தப் பேப்பருக்கு ஈடு என்று கிளம்புவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் அதை விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து இரண்டு பேப்பரை மறுபடி எழுதினான். மனசு கேட்கவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

நம்ம கல்லூரியும் வெளிநாட்டுக் கல்லூரியும் சேர்ந்து நடத்துகிற ட்வின்னிங், ஜாயின்ட் டிகிரி, டூயல் டிகிரி எல்லாம் 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில் வருகிறவை. ட்வின்னிங்கில் 30 சதவீத கிரெடிட் வரைக்கும் வெளிநாட்டுக் கல்லூரியில் படிக்கலாம், ஜாயின்ட்டில் இரண்டு கல்லூரியும் சேர்ந்து ஒரே சான்றிதழ், டூயலில் இரண்டு சான்றிதழ்.

கோடை விடுமுறை மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் ரிசர்ச் இன்டர்ன்ஷிப்; இன்ஜினியரிங், சயின்ஸ் மாணவர்கள் ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் வைஸ் (WISE) திட்டத்தைப் பாருங்கள்.

சரி, அந்த 1,400 யூரோ. எராஸ்மஸ் முண்டுஸ் ஜாயின்ட் மாஸ்டர்ஸ், அதாவது பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு, ஸ்காலர்ஷிப் ஐரோப்பிய ஒன்றியத்துடையது. ஐரோப்பாவுக்குள் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பிப் படிக்க வைக்க 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் வழியில் வந்தது, இப்போது நமக்கும் கதவு திறந்திருக்கிறது. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டால் 24 மாதம் வரைக்கும் அந்தத் தொகை வரும், ஃபீஸ் கிடையாது. போட்டி கடுமைதான், ஆனாலும் கடைசி வருடம் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான கோர்ஸ்களுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும், அதனால் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போதே பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதத்துக்குச் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள்.

என்ன படிக்கிறீர்கள், எந்த வருடம் என்று கமென்டில் எழுதுங்கள், எந்த வகை உங்களுக்கு ஒத்துவரும் என்று ஒவ்வொருவருக்கும் நானே பதில் போடுகிறேன்.