கச்சான் கோது பதினொன்று

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், பாய் விரித்துக் குடும்பத்தோடு இருக்கும் ஊரவர்களுக்கும், பின்னால் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

"ஒரு கோலில் வென்ற அணியை ரசிகர்கள் கொண்டாடுவதா, குறை சொல்வதா?" சனசமூக நிலையத்தார் இந்தத் தலைப்பை எங்கிருந்து எடுத்தார்கள் என்று இங்கே தெரியாத ஆள் இல்லை. போன ஞாயிறு எங்கள் பெடியள் உதைபந்தாட்ட அரையிறுதியில் 1-0 என்று வென்றார்கள். அன்று தொடங்கிய சண்டை. தேத்தண்ணிக் கடையில் ஒரு வாங்கில் கொண்டாடுகிறவர்கள், எதிர் வாங்கில் நாங்கள். கடைக்காரருக்கு மட்டும்தான் இரண்டு பக்கத்தாலும் வருமானம்.

நான் குறை சொல்லும் பக்கம். எதிரணித் தலைவி, எங்கள் ஆசிரியை அம்மா, இந்த இடத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தே ஒரு போடு போட்டார்: "சில பேருக்குக் கலியாண வீட்டில் பதினெட்டுக் கறியோடு சாப்பிட்டாலும், அப்பளம் முறியேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லாட்டி நித்திரை வராது." நல்ல கைதட்டு. நானும் தட்டினேன். ஆனால் அம்மா, கலியாணம் முடிந்துவிட்டதென்றால் அப்பளத்தை மறந்துவிடலாம். எங்களுக்கு வருகிற ஞாயிறு இறுதிப்போட்டி என்று இன்னொரு பந்தி இருக்கிறது. அதே சமையற்காரர். அதே அப்பளம்.

சரி, முதலில் அந்தக் கோலைப் பார்ப்போம். முதல் பாதி முடியக் கொஞ்ச நேரம் இருக்கும். வலது பக்கத்திலிருந்து எங்கள் பெடியன் பந்தை உள்ளே போட்டான். அது கோலுக்கு அடித்த அடியும் இல்லை, ஆளுக்குக் கொடுத்த பந்தும் இல்லை. அவர்களுடைய பின்கள வீரர் காலைத் தூக்க, பந்து அவர் முழங்காலில் பட்டு மேலே எழும்பி, கோல்காப்பாளருக்குப் பின்னால் போய் விழுந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை, விழுந்தது பனம்பழம்தான், இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் முழுக்கக் காகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இனி இரண்டாம் பாதி. நடுவர் அவர்களே, இதற்கு என்னிடம் சான்றுப்பொருள் இருக்கிறது. அன்று நான் மைதானத்தின் தெற்குப் பக்கம், கொடிக்கம்பத்துக்குக் கிட்ட நின்றேன். கையில் ஒரு சுருள் கச்சான் கடலை. அவர்களுடைய வலப்பக்க விங் ஆட்டக்காரர், மெலிந்த பெடியன், காலுறை இரண்டும் கணுக்காலில் கிடந்தது, எங்கள் இடப்பக்கப் பின்கள வீரரைத் தாண்டிக்கொண்டு போனார். சரி, ஒரு தடவை எல்லோருக்கும் நடக்கும். இரண்டாம் தடவை போனார். மூன்றாம் தடவை போனபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் தாண்டும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கச்சான் கோதைச் சட்டைப் பைக்குள் போட்டேன். முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுக்கு ஒன்று போட்டேன், ஏமாற்றவில்லை. மத்தியஸ்தர் கடைசி விசில் ஊதினார். எல்லோரும் உள்ளே ஓடினார்கள், ஒருவர் பானையைத் தட்டினார், இன்னொருவர் வேட்டியைக் கழற்றிச் சுழற்றினார். நான் நின்ற இடத்தில் நின்று எண்ணினேன். பதினொன்று. ஒரு முழு அணியே எங்கள் இடப்பக்கத்தால் நடந்து போயிருக்கிறது!

அந்தப் பதினொன்றில் இரண்டு மேற்கம்பத்தில் அடித்தது. அந்தச் சத்தம் இங்கே இருக்கிற எல்லோருடைய வயிற்றுக்குள்ளும் இன்னும் இருக்கும். உதைபந்தாட்ட விதிப்படி கோல் கம்பத்தின் தடிப்பு 12 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. எங்களை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனது பெடியளின் காலுமில்லை, பயிற்றுவிப்பாளரின் மூளையுமில்லை, அந்த 12 சென்ரிமீற்றர். மாலை போடுவதென்றால் அந்தக் கம்பத்துக்குத்தான் போட வேண்டும்.

"வெண்டது வெண்டதுதானே, எப்படி வெண்டா என்ன?" என்று கேட்டார்கள். இதற்கு நான் வேறு ஊரைத் தேடிப் போகத் தேவையில்லை, என் சொந்த வெட்கக்கேட்டையே சொல்கிறேன். நான் பிரேசில்காரன். நாவாந்துறை, குருநகர், பாசையூர் என்று யாழ்ப்பாணக் கரையோரம் முழுக்க உலகக் கிண்ணம் வந்தால் ஒழுங்கைக்கு ஒரு கொடி பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 2014 இல் எங்கள் ஒழுங்கையில் மஞ்சளும் பச்சையுமாகக் கொடி கட்டியவன் நான்தான். அந்த வருடம் பிரேசில் சொந்த மண்ணில் ஆடியது. முதல் போட்டியில் குரோஷியாவை 3-1 என்று வென்றது, அதில் ஒரு கோல், கொடுத்திருக்கவே கூடாது என்று உலகமே சொன்ன தண்ட உதை. மெக்சிகோவோடு ஒரு கோலும் இல்லை. பிறகு சிலியோடு 1-1. மேலதிக நேரம் முடியும் தறுவாயில் சிலியின் பினில்லா அடித்த பந்து மேற்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தண்ட உதையில் தப்பினோம். அந்த மனிதர் பிறகு அந்தப் பந்து கம்பத்தில் படுகிற காட்சியைத் தன் முதுகில் பச்சை குத்திக்கொண்டார், பெருமைக்கு ஒரு சென்ரிமீற்றர் தூரம் என்று எழுதி. பார்த்தீர்களா, தோற்றவன்கூட அந்தச் சென்ரிமீற்றரை மறக்காமல் முதுகில் சுமந்தான். வென்ற நாங்கள்? நடுச்சாமத்தில் வெடி கொளுத்தினோம். பக்கத்து வீட்டுத் தாத்தா, "தம்பி, நடுவில ஆக்களே இல்லையடா, பந்து வாசலுக்கு வாசல் பறக்குது" என்றார். "தாத்தா, நீங்கள் போய்ப் படுங்கோ" என்றேன்.

கொலம்பியாவை 2-1. அதிலும் வெடி. நெய்மார் முதுகெலும்பு முறிந்து வெளியே, அணித்தலைவர் தியாகோ சில்வா மஞ்சள் அட்டையால் அடுத்த போட்டிக்கு இல்லை. அதற்கும் நாங்கள் "மற்றவங்கள் பாப்பாங்கள்" என்றோம். அரையிறுதி, ஜேர்மனி. எங்கள் நேரம் இரவு ஒன்றரை. 23 ஆவது நிமிடத்துக்கும் 29 ஆவது நிமிடத்துக்கும் இடையில் நான்கு கோல்! என் அம்மா நித்திரைக் கண்ணோடு எழும்பி வந்து பார்த்துவிட்டு, "என்னடா, ஒரே கோலைத் திருப்பித் திருப்பிக் காட்டுறாங்கள்?" என்று கேட்டா. திருப்பிக் காட்டவில்லை அம்மா, புதுசு புதுசாக விழுகிறது. முடிவு 7-1. விடிந்ததும் கொடியைக் கழற்றப் போனேன். தாத்தா படலையடியில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த ஏழு கோலும் ஜேர்மனிக்கு எதிராக வாங்கியவை இல்லை, நடுவர் அவர்களே. அதில் பாதி சிலியோடேயே வாங்கியிருக்க வேண்டியவை. கம்பம் தவணை கொடுத்தது, அவ்வளவுதான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், பல்கலைக்கழகத் தம்பி, நல்ல கணக்கோடு வந்தார். 2010 இல் ஸ்பெயின் நொக் அவுட் சுற்றில் நான்கு போட்டிகளையும் 1-0, 1-0 என்றுதான் வென்றது, ஏழு போட்டிகளில் மொத்தம் 8 கோல்தான், ஆனாலும் உலக சம்பியன் என்றார். உண்மை. ஆனால் தம்பி சிட்டையின் ஒரு பக்கத்தைத்தான் வாசித்தார். மறுபக்கத்தில் இருக்கிறது: ஏழு போட்டிகளில் அவர்கள் வாங்கியது 2 கோல். அந்த நான்கு நொக் அவுட் போட்டிகளில் ஒன்றுகூட இல்லை. பந்து அவர்கள் காலிலேயே கிடந்தது, எதிராளி நிழலைத் துரத்திக்கொண்டு ஓடினான். ஒரு கோல் போதும் என்று இருந்தவனும், ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு தொங்கியவனும் ஒன்றா? அந்த ஸ்பெயினுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பரகுவேயின் தண்ட உதையை ஸ்பெயின் கோல்காப்பாளர் கசியாஸ் பிடித்திராவிட்டால், இறுதிப்போட்டியில் தனியாக வந்த நெதர்லாந்தின் ரொபனின் பந்து கசியாஸின் காலில் பட்டிராவிட்டால், தம்பிக்கு இன்றைக்கு உதாரணம் இல்லை. அதுவும் போகட்டும், அந்தத் தொடரின் முதல் போட்டியில் அவர்கள் சுவிற்சர்லாந்திடம் தோற்று, ஊர் வாயால் நல்ல பேச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்த போட்டிக்கு வந்தார்கள்.

மூன்றாமவர் 1995 ஐச் சொன்னார். கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று இலங்கை தெற்காசியக் கிண்ணம் எடுத்த கதை. அந்த ஒரு கோலை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கிண்ணம் எங்கள் பக்கம் தலை காட்டவில்லை. 2023 இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் தடையால் அந்தத் தொடரில் ஆடக்கூட முடியவில்லை. எத்தனை காலத்துக்கு ஒரே கோலைச் சப்பிக்கொண்டிருப்பது?

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். "பெடியள் மனம் உடைஞ்சு போவாங்கள்" என்று ஆசிரியை அம்மா சொன்னபோது கொஞ்சப் பேர் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். கோட்டுக்கு வெளியே நின்று பெடியனின் தாயை இழுத்துப் பேசுகிறவனுக்காகவும், போனில் கண்டபடி எழுதுகிறவனுக்காகவும் நான் வாதாட வரவில்லை. அவனுக்கு ஆட்டமும் தெரியாது, வாயும் தெரியாது.

என் அப்பா வலைத்தொழில் செய்தவர். எங்கள் கோல் கம்பத்தில் கட்டியிருப்பதும் பழைய மீன் வலைதான், பார்த்திருப்பீர்கள். கடலுக்குப் போய் ஒன்றும் படாத நாளில் அப்பா வலையைத் தூக்கி உலரப் போட்டால், வந்தவன் போனவன் எல்லாம் "இஞ்சால கிழிஞ்சிருக்கு, அங்கால கண் விட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டு போவான். வெறும் வலையில் ஓட்டை எல்லோருக்கும் தெரியும். நல்ல பாடு வந்த நாளில்தான் ஆபத்து. மீன் துள்ளுகிற துள்ளலில், விலை பேசுகிற சத்தத்தில் ஓட்டை எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறது? அன்றைக்குத்தான் அப்பா கரையில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக விரலை விட்டுப் பார்ப்பார். ஊசியும் நூலும் பக்கத்தில் இருக்கும். மீன் விற்ற காசு மடியில் இருக்கும்போதே வலை பொத்துவார். வலையோடு கோபித்துக்கொண்டா பொத்தினார்? நாளைக்கும் அதே வலையோடு கடலுக்குப் போக வேண்டும் என்றுதான்.

தோற்றால் குறை சொல்ல ஊரே இருக்கிறது. வென்ற அன்றைக்குச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்? எதிர் வாங்கில் மூன்று பேர். அதில் ஒருவர் எனக்கு மச்சான், வீட்டில் சொல்லித்தான் வந்தவர்.

"நீ இறங்கி விளையாடிப் பார்" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினீர்கள். கேட்டது. இந்த வயிற்றோடு நான் இறங்கினால் அந்த மெலிந்த பெடியன் பதினொரு தடவை இல்லை, மைதானத்திலேயே குடியிருந்துவிட்டுப் போவான்.

மணி அடிக்கிறீர்கள், இதோ முடிக்கிறேன் ஐயா, ஒரே ஒரு விஷயம். திங்கட்கிழமை பின்னேரம் எங்கள் படலையில் ஆள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் எங்கள் இடப்பக்கப் பின்கள வீரர். ஆறடி உயரம். கோது எண்ணிய கதை அவர் காதுக்குப் போய்விட்டது என்று விளங்கியது. மனைவி பயந்துபோய் உள்ளுக்குள் இருந்தே, "தம்பி, அவர் இல்லை" என்று சொன்னா. நான் திண்ணையில் தெரியத் தெரிய இருக்கிறேன்.

பெடியன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். "அண்ணை, பதினொண்டு எண்டீங்களாம்?"

"ஓம் தம்பி" என்றேன், குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

"அதில எத்தினை எனக்கு வெளிப்பக்கத்தால போனவன், எத்தினை உள்பக்கத்தால போனவன்?"

நடுவர் அவர்களே, என்னிடம் பதில் இல்லை. நான் எல்லாக் கோதையும் ஒரே பைக்குள் போட்டுவிட்டேன். ஞாயிறு துரையப்பா விளையாட்டரங்குக்குப் போட்டுக்கொண்டு வர, இரண்டு பை வைத்த சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். வணக்கம்.