வெளுத்ததெல்லாம் பாலா?

(பினாங்கில் நடந்த மகளிர் சுகாதாரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த ஆலய நிர்வாகத்தினரே, விடாமல் கூப்பிட்டு என்னைப் பேச வைத்த மாதர் பிரிவுத் தலைவி அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பிறையிலிருந்தும் நிபோங் திபாலிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் சகோதரிகளே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாமார்களே, எல்லாருக்கும் வணக்கம். போன வருடக் கூட்டத்தில் மழையில் கரண்ட் போனபோது டத்தோ அவர்கள் எழுந்து போகாமல் இருட்டிலேயே கடைசி வரை உட்கார்ந்திருந்தார். அதை இந்த மேடையில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மூன்று விஷயம் பேசுவதாகத் தலைவியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பிறப்புறுப்பில் வாழும் கிருமிகள் ஏன் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கின்றன, மரபணுச் சோதனை அவற்றை எப்படிப் பிரிக்கிறது, மருந்துக்கு அடங்காத கிருமிகளை என்ன செய்வது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பாதே என்பார் என் பாட்டி. தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு எதிரே, தொழிலாளர் லயத்தில் குடியிருந்தவர் அவர். கள்ளும் வெள்ளைதானே! 31 வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எனக்கு அதைவிடப் பெரிய பாடம் எதுவும் கிடைக்கவில்லை.

பிறப்புறுப்பில் வாழும் யூரியாபிளாஸ்மா என்றொரு கிருமி. 1954-இல் அமெரிக்காவில் மோரிஸ் ஷெப்பர்ட் என்பவர் இதைப் பற்றி எழுதினார். பெனிசிலின் தாக்குவது கிருமியின் செல்சுவரை; இதற்குச் செல்சுவரே கிடையாது, அதனால் பெனிசிலின் இதை ஒன்றும் செய்யாது. நாங்கள் யூரியா கலந்த மஞ்சள் திரவத்தில் சாம்பிளைப் போட்டு வைப்போம். கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், மஞ்சள் திரவம் இளஞ்சிவப்பாக மாறும். 'இருக்கிறது' என்று எழுதுவோம். ஆனால் எது இருக்கிறது? இதில் 14 உட்பிரிவுகள் உண்டு, எல்லாமே அதே சிவப்பைத்தான் காட்டும். 2002-இல்தான் அந்தப் பதினான்கையும் முறைப்படி இரண்டு இனங்களாகப் பிரித்தார்கள். நான்கு உட்பிரிவுகள் யூரியாபிளாஸ்மா பார்வம், பத்து உட்பிரிவுகள் யூரியாபிளாஸ்மா யூரியாலிட்டிக்கம். அந்தப் பிரிவினைக்கு அடிப்படை மரபணுதான், நிறமல்ல.

சரி, இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு பெண்ணுக்கு நடந்த கதைக்கு வருகிறேன். பெண்ணின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். எனக்கு மகள் முறை. கல்யாணமாகி இரண்டு வருடம். வெள்ளைப்படுதல் என்று ஒரு கிளினிக்குக்குப் போனாள். சாம்பிள் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். 'யூரியாபிளாஸ்மா பார்வம்' என்று போட்டு, பக்கத்தில் 'டிடெக்டட்' என்று சிவப்பு எழுத்து. விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. வீட்டில் ஓரகத்தி அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடினாள். 'பால்வினை நோய்' என்று வந்தது. அவ்வளவுதான்! ராத்திரி பத்து மணிக்கு ஒரு துணிப்பையோடு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள் அந்தப் பிள்ளை.

மறுநாள் காலை முதல் ஃபெரியில் நான் அக்கரைக்கு, பட்டர்வொர்த்தில் அவள் மாமியார் வீட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மா உட்காரச் சொன்னார், காப்பி தரவில்லை. நான் நேராக அடுப்படிக்குப் போனேன். மூன்று தம்ளர் எடுத்தேன். ஒன்றில் பசும்பால், ஒன்றில் அரிசி கழுவிய தண்ணீர், ஒன்றில் தண்ணீர் கலந்த தேங்காய்ப்பால். வரிசையாக வைத்து, "சம்பந்தி, பச்சைப்பிள்ளைக்கு எதைக் கொடுப்பீங்க?" என்றேன். அவர் என்னை முறைத்தார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்து, நடுத் தம்ளரைத் தள்ளி வைத்தார். "பார்த்த உடனே சொல்லலையே, மோந்து பார்த்துத்தானே சொன்னீங்க? மருமகளை மட்டும் ஏன் பார்த்த உடனே சொல்லிட்டீங்க?" என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினேன். பத்துப் பெண்களில் நாலு பேரிடம், சில ஆய்வுகளில் எட்டுப் பேரிடம்கூட, எந்தத் தொந்தரவும் செய்யாமல் இந்தக் கிருமி இருக்கிறது. அதிகம் காணப்படுவது பார்வம்தான். பல வருடம் சும்மா குடியிருக்கும். ஆகவே யாருடைய ஒழுக்கத்துக்கும் இது சாட்சி ஆகாது. இந்தக் கிருமிகளுக்காக வழக்கமான சோதனையே வேண்டாம் என்று ஐரோப்பிய வல்லுநர்கள் 2018-இல் அறிக்கை விட்டார்கள். மாப்பிள்ளை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க பரிசோதனை பண்ணிக்கிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். தலை குனிந்தார். பிறகு போய்ச் செய்துகொண்டார், அவரிடமும் அதே கிருமி. சாயங்காலம் சம்பந்தியம்மாவே போய் மருமகளைக் கூட்டி வந்தார். எனக்குக் காப்பியும் வந்தது.

மரபணுச் சோதனைக்கு வருகிறேன். பிசிஆர் என்பது 1983-இல் கேரி மல்லிஸ் கண்ட வழி, 1993-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருமியின் மரபணுவில் நமக்கு வேண்டிய ஒரு துண்டை மட்டும் பிடித்து, ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்கிக்கொண்டே போகும். யூரியாபிளாஸ்மாவில், யூரியாவை உடைக்கும் யூரியேஸின் மரபணுவிலும், எம்பிஏ என்ற மேற்புறப் புரதத்தின் மரபணுவிலும் இனத்துக்கு இனம் மரபணு எழுத்து வரிசை மாறும். அந்த எழுத்தைப் படித்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். பால்வினை நோய் தரும் கிளமிடியா என்ற கிருமியில் இப்படி வகை பிரிப்பதுதான் சிகிச்சையின் நாட்களையே முடிவு செய்கிறது. டி முதல் கே வரையிலான வகை என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து 7 நாள். எல் வகை என்றால் 21 நாள். பிரித்துப் பார்க்காமல் 7 நாளோடு நிறுத்தினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். சோதனையும் ஏமாறும். ஸ்வீடனில் 2006-இல் ஒரு கிளமிடியா வகை பிடிபட்டது. சில சோதனைகள் தேடுகிற துண்டிலேயே 377 எழுத்தை அது தொலைத்திருந்தது. அதுவரை அந்த வகை உள்ளவர்களுக்கும் அந்தச் சோதனைகளில் 'இல்லை' என்றே ரிப்போர்ட் போய்க்கொண்டிருந்தது. வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பது இயந்திரத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது, மருந்துக்கு அடங்காதவை. மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பிறப்புறுப்புக் கிருமி அவற்றில் முக்கியமானது. நுரையீரலில் வரும் அதன் பங்காளியோடு அதைக் குழப்பிக்கொள்வது சுலபம். வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதற்கு மரபணுச் சோதனையை விட்டால் வழியில்லை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஆனால் தலைவர் மணியைப் பார்க்கிறார். நான் வந்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. இப்படிப்பட்ட ரிப்போர்ட் எதுவானாலும், அதோடு ஒரு பக்கம் தமிழில் விளக்கம் இருக்க வேண்டும். என்ன கிருமி, எந்த இனம், அது நோயா குடியிருப்பா, கணவரும் பரிசோதனைக்கு வர வேண்டுமா, மருந்து வேண்டுமா வேண்டாமா. இந்த ஐந்துக்கும் பதில் ஒரே தாளில் அடங்கும். சோதனை எவ்வளவு நுட்பமானாலும், அதன் பதில் அந்தப் பிள்ளைக்குப் புரியாத மொழியில் வந்தால், பதில் சொல்வது ஓரகத்தியின் கைப்பேசிதான். மலாயிலும் சீனத்திலும் அப்படியொரு தாள் வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழிலும் வரட்டும் என்கிறேன். மாதிரித் தாளை நானே எழுதி வைத்திருக்கிறேன். டத்தோ அவர்களிடம் ஒரு படி கொடுத்திருக்கிறேன், உரிய இடத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு என் நன்றி.

வாசல் மேசையில் மனுப் படிவம் இருக்கிறது. பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து, மூன்றுதான் கேட்டிருக்கிறோம். மாதிரித் தாளையும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசை ஐயாமார்களே, படிவத்தில் உங்களுக்கென்று தனிப் பக்கமே விட்டிருக்கிறேன். இன்று மாலை வரை அதில் நான்கு பெயர்தான் இருக்கிறது. வணக்கம்.