பிள்ளையைத் தண்ணீரில் இறங்க விடுங்கள்

அம்மாமாரே, ஐயாமாரே, நீச்சல் பழகுகிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பிரேசில் நாட்டுப் பொடியன் ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். பெயர் கப்ரியேல் அராவுஜோ. 2002இல் பிறந்தவர். பிறவியிலேயே கைகள் இல்லை, கால்களும் முழுதாக வளரவில்லை. டோக்கியோ பராலிம்பிக்கில், அதாவது உடற்குறைபாடு உள்ளவர்களுக்கான ஒலிம்பிக்கில், 19 வயதில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார். அப்புறம் 2024இல் பாரிஸ். மல்லாந்து நீந்தும் 50 மீட்டர், 100 மீட்டர், சுதந்திர நீச்சல் 200 மீட்டர், மூன்றிலும் தங்கம்! அந்த 100 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார்.

கையில்லாமல் எப்படி நீந்துவது? நெஞ்சில் தொடங்கும் அசைவு இடுப்பு வழியாகக் கால்வரை ஓடுகிறது. நம் கடலில் ஓங்கில் (டொல்பின்) போவதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். சீனாவின் செங் தாவோவுக்கும் இரண்டு கையும் இல்லை. மல்லாந்த நீச்சலில் தொடக்கக் கம்பியைப் பிடிக்க முடியாதே, அதனால் ஒரு துவாயைப் பல்லால் கடித்தபடி காத்திருப்பார். முடிக்கும்போது சுவரைத் தலையால்தான் தொடுவார். அதை முதலில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

இவை பாவம் பார்த்துக் கொடுத்த பதக்கங்கள் இல்லை. உடல் பாதிப்புள்ளவர்களுக்கு எஸ்1 முதல் எஸ்10 வரை வகுப்புகள் உண்டு. எண் குறையக் குறையப் பாதிப்பு கூட. அராவுஜோ எஸ்2. பார்வைக் குறைபாட்டுக்கு 11 முதல் 13, அறிவுசார் குறைபாட்டுக்கு 14. பார்வை மிகக் குறைந்த எஸ்11இல் எல்லோருமே ஒளி புகாத கறுப்பு நீச்சல் கண்ணாடி போட வேண்டும். சுவர் நெருங்கும்போது கரையில் நிற்பவர் நுனியில் பஞ்சு கட்டிய கோலால் தட்டிச் சொல்வார். செயற்கைக் காலுடன் தண்ணீரில் இறங்க முடியாது, கழற்றிக் கரையில் வைத்துவிட வேண்டும்.

சரி, இதைத் திருகோணமலையில் நின்று ஏன் சொல்கிறேன்? யுத்தத்தில் கால் இழந்தவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஞாயிறு பின்னேரம் டச்சு பே கடற்கரைக்குப் போனால், தம்பி தங்கச்சிமார் அலையில் குதிப்பார்கள். அந்த ஒரு பிள்ளை மட்டும் மணலில் விரித்த பாயில் இருக்கும். “அவனால ஏலாது” என்று, அவனைக் கேட்காமலே நாங்கள் முடிவுகட்டிவிடுகிறோம். எனக்கு அதுதான் பெரிய வேதனை. பாரிஸில் இலங்கைக்காக நவீத் ரஹீம் நீந்தினார். இந்த நாட்டிலிருந்தும் அங்கே போகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கடல் மட்டும் போதாது என்பதும் தெரியும். சித்திரை தொட்டு ஆவணி வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தண்ணீர் அமைதி. வாடை தொடங்கிவிட்டால் கடலில் இறக்கவே கூடாது. பராலிம்பிக் போட்டியோ 50 மீட்டர் தடாகத்தில் நடப்பது. சுவரில் திரும்பப் பழக வேண்டும், நேரம் குறிக்க வேண்டும். ஆகவே தடாகம் வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: கிழமையில் ஒரு பின்னேரம், ஒரேயொரு பாதையை இந்தப் பிள்ளைகளுக்கு விடுங்கள். இறங்கும் இடத்தில் ஒரு சாய்தளமும் கைப்பிடியும் போடுங்கள்.

அப்பாமாரே, முதல் நாள் நீங்களும் கூட இறங்குங்கள். இடுப்பளவு தண்ணீர் போதும், முதுகுக்குக் கீழே உங்கள் கை இருக்கட்டும். வலிப்போ இருதய நோயோ உள்ள பிள்ளையென்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் பயிற்றுவிப்பாளர் மேடைக்குப் பக்கத்தில் நிற்பார். பிள்ளையின் பெயரையும் வயதையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.